டெரன்ஸ் டேவிஸ்: லிவர்பூல் குமாஸ்தா இயக்குநரான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் சினிமா பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் சொல்லும் பெயர் டெரன்ஸ் டேவிஸ். உடனே "யார் அவர்?" என்று கேள்வி வரும். பெயர் தெரிந்தவர்கள்கூட ஒரு படம் பார்த்துவிட்டு, "கதையே இல்லையே, எல்லாரும் பாடிக்கொண்டே இருக்கிறார்களே" என்று குழம்பிப் போய்க் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். அவருடைய இளமைக்காலத்துக்கும் முதல் சில படங்களுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அங்கேயிருந்து முளைத்ததுதான்.

யார் இந்த டெரன்ஸ் டேவிஸ்?

இங்கிலாந்தைச் சேர்ந்த திரைக்கதை ஆசிரியர், இயக்குநர். 1945 நவம்பர் 10 அன்று லிவர்பூலில் பிறந்தார், 2023 அக்டோபர் 7 அன்று தன் 77-ஆவது வயதில் காலமானார். தன் படங்களுக்குத் தானேதான் திரைக்கதை எழுதுவார். நாவலையோ நாடகத்தையோ எடுத்துக்கொண்டாலும் அதைத் திரைக்கு மாற்றும் வேலையை அடுத்தவரிடம் விட மாட்டார். ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் எடுத்த முழுநீளப் படங்கள் பத்தைத் தொடவில்லை. ஆனால் 2011-இல் லண்டனின் டைம் அவுட் பத்திரிகை சிறந்த 100 பிரிட்டிஷ் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஓட்டெடுப்பு நடத்தியபோது, அவருடைய 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' மூன்றாவது இடத்தில் வந்தது.

எந்த மாதிரி வீட்டில் பிறந்தவர்?

ஏழை வீடு. லிவர்பூலில் கென்சிங்டன் என்று ஒரு பகுதி இருக்கிறது (லண்டனில் பணக்காரர்கள் இருக்கும் கென்சிங்டன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தொழிலாளர் தெருக்கள் அங்கே. அந்த வீடுகளில் ஒன்றில் பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். பத்தில் ஏழு பேர்தான் பிழைத்தார்கள். ஆழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம். போர் அப்போதுதான் முடிந்திருந்தது. 1941-இல் ஜெர்மன் விமானங்கள் லிவர்பூலைக் குண்டுபோட்டுச் சிதைத்த அடையாளங்கள் அவர் வளர்ந்த காலத்திலும் ஊரில் அப்படியே கிடந்தன. ரேஷன் முழுவதும் எடுக்கப்பட்டபோது அவருக்கு எட்டு வயது.

இந்த விவரங்கள் முக்கியம். அவர் படத்தில் வரும் மாடிப்படி, வாசல் கதவு, நிலக்கரி அறை, சன்னல் எல்லாம் இந்த ஒரே வீட்டிலிருந்து வந்தவை.

அப்பா நிஜமாகவே அவ்வளவு கொடூரமானவரா? படத்துக்காக மிகைப்படுத்தியதா?

'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' படத்தில் வரும் அப்பாவைப் பார்த்துவிட்டுக் கேட்பது இது. உண்மை அதைவிட மோசம். அப்பா மனைவியையும் பிள்ளைகளையும் அடித்து நொறுக்கியவர், எப்போது எதற்காகக் கோபம் வரும் என்றே சொல்ல முடியாதவர். நடந்ததை நடந்தபடி வைத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், அதனால் குறைத்துத்தான் காட்டினேன் என்று டேவிஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டெரன்ஸுக்கு ஏழு வயது நிறைவதற்குள் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. அப்பாவின் அடியை அதிகமாகத் தாங்கியவர்கள் அம்மாவும் மூத்தவர்களும். கடைக்குட்டியான டெரன்ஸுக்கு அந்தக் காலத்தின் கடைசிப் பகுதிதான் சொந்த ஞாபகம். மிச்சம் எல்லாம் பிறகு வீட்டில் மறுபடி மறுபடி பேசப்பட்டதைக் கேட்டுக் கேட்டு அவருக்குள் போனது. 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' படத்தில் ஐலீன், மேஸி, டோனி என்று மூன்று பிள்ளைகள்தான் வருவார்கள், டெரன்ஸ் என்று ஒருவர் அதில் கிடையாது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது விளங்கவில்லை. இது அவர் கேட்டு வளர்ந்த நினைவு என்பது புரிந்ததும், படத்தில் ஏன் எல்லாமே பக்கத்து அறையிலிருந்து காதில் விழுவதுபோல் இருக்கிறது என்பதும் புரிந்துவிட்டது.

சினிமா எப்போது அவர் வாழ்க்கைக்குள் வந்தது?

ஏழு வயதில். அக்கா அழைத்துப் போய் 'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தைக் காட்டினார். ஜீன் கெல்லி மழையில் ஆடுவதைப் பார்த்து அந்தச் சின்னப் பையன் அழுதிருக்கிறான். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாரே, அதனால்தான் அழுதேன் என்று பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்தார். அப்பாவின் சாவுக்குப் பிறகு வீட்டில் முதல்முறையாகப் பயம் இல்லாமல் மூச்சுவிட முடிந்த காலம் அது, அந்த நேரம் பார்த்து ஹாலிவுட் வண்ணப் படங்களும் வந்து சேர்ந்தன. ஏழிலிருந்து பதினொன்று வரையிலான அந்த நாலு வருஷத்தைத் தன் வாழ்க்கையின் சொர்க்கம் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சி வீட்டுக்கு வராத காலம். வானொலி இருந்தது, கிராமபோன் இசை இருந்தது, சனிக்கிழமை இரவானால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டிலோ தெருமுனை பப்பிலோ கூடிப் பாடுவார்கள். அவருடைய பயிற்சி அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. சினிமா தெரிந்த வீட்டில் பிறந்த எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு காது வாய்த்ததில்லை.

பதினொரு வயதில் என்ன ஆயிற்று?

இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் வந்து மோதின. மேல்நிலைப் பள்ளிக்குப் போனார், அங்கே மற்ற பையன்கள் அவரை வருஷக்கணக்கில் அடித்தும் கேலி செய்தும் வதைத்தார்கள். அதே காலத்தில் தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்பது அவருக்குத் தெரிய வந்தது. ஐம்பதுகளின் கத்தோலிக்கப் பையனுக்கு அது பாவம், அந்த நாட்டுச் சட்டப்படி குற்றமும்கூட. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967-இல்தான், அதுவும் 21 வயது கடந்த ஆண்களுக்கு மட்டும், அது குற்றமில்லை என்று சட்டம் மாறியது. அந்த வருஷம் டேவிஸுக்கு வயது 21, 22.

அதுவரை முழங்கால் புண்ணாகும்வரை மண்டியிட்டு ஜெபித்தும் பார்த்திருக்கிறார். எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. 22 வயதில் மதத்தை விட்டார். விட்டாலும் குற்றவுணர்ச்சி போகவில்லை. இப்படிப் பிறந்ததற்காக நான் வருந்துகிறேன் என்ற தொனியில் வயதான பிறகும் வெளிப்படையாகப் பேசினார். கேட்கவே கஷ்டமாக இருக்கும். அவர் முதலில் எடுத்த மூன்று குறும்படங்களும் இந்தக் காயத்திலிருந்து வந்தவை. எதையும் ஆற்றிவிட்டதாக அவை பாவனை செய்வதில்லை, அதனால் அவற்றை மதிக்கிறேன்.

பள்ளிக்குப் பிறகு நேராக சினிமாவுக்கு வந்துவிட்டாரா?

இல்லை. பலருக்கும் இந்த விஷயம் தெரியாது. பதினைந்து, பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அப்புறம் கணக்கர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. இப்படிப் பத்து வருஷத்துக்கும் மேல் போனது. அறுபதுகளில் அதே லிவர்பூலிலிருந்து கிளம்பிய நாலு பையன்கள் உலகத்தையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தபோது, இவர் காலையில் டை கட்டிக்கொண்டு போய்ப் பேரேட்டில் எண்கள் எழுதிக்கொண்டிருந்தார். பீட்டில்ஸ் இசை அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது, அது வேறு விஷயம்.

அந்த வருஷங்களில் சும்மா இருக்கவில்லை. அமெச்சூர் நாடகங்களில் நடித்தார், எழுதிப் பழகினார், மாலர், புரூக்னர், சிபேலியஸ் என்று மேற்கத்தியச் செவ்வியல் இசையில் மூழ்கினார். நடிகர் அலெக் கின்னஸ் தொலைக்காட்சியில் டி.எஸ். எலியட்டின் 'ஃபோர் குவார்டெட்ஸ்' கவிதைகளைச் சொல்லக் கேட்டு, புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் படித்தார். காலம் நேர்கோடாகப் போவதில்லை, போனதும் வருவதும் இப்போதைக்குள்ளேயே இருக்கிறது என்று சுற்றிச் சுற்றி வரும் கவிதை அது. டேவிஸின் படத்தொகுப்பு ஏன் அப்படி முன்னும் பின்னும் போகிறது என்று கேட்பவர்களுக்கு இது ஒரு நல்ல திறவுகோல்.

இயக்குநர் ஆனது எப்படி?

நடிகராகலாம் என்றுதான் கிளம்பினார். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டு, ஊரை விட்டு, கோவென்ட்ரி நகரத்து நாடகப் பள்ளியில் சேர்ந்தார். வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது, கூடப் படித்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். அங்கே இருக்கும்போது 'சில்ட்ரன்' என்று ஒரு திரைக்கதை எழுதினார். ராபர்ட் டக்கர் என்ற லிவர்பூல் பையன், பள்ளியில் அவன் படும் வதை, வீட்டில் சாகக் கிடக்கும் அப்பா. அனுப்பிய இடமெல்லாம் திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியில் அது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் தயாரிப்புப் பிரிவுக்குப் போனது. அரசுப் பணத்தில் புதியவர்களுக்கும் சோதனைப் படங்களுக்கும் சின்னச் சின்னத் தொகை கொடுத்துவந்த இடம். அப்போது அதன் தலைவர் மமூன் ஹஸன். ஸ்காட்லாந்து சுரங்க கிராமத்தில் கழிந்த தன் சிறுவயதைப் படமாக்கிய பில் டக்ளஸுக்கும் கைகொடுத்தவர் அவர். டேவிஸைக் கூப்பிட்டு, 8,500 பவுண்ட் தருகிறேன், அதற்குமேல் ஒரு பென்னி கிடையாது, நீயேதான் இயக்க வேண்டும் என்றார். நான் இதுவரை எதையும் இயக்கியதில்லையே என்று டேவிஸ் தயங்க, இப்போது முதல் தடவை செய்துபார் என்று சொல்லிவிட்டார். இதை டேவிஸ் தன் வாழ்நாளில் எத்தனையோ முறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அந்த முதல் படப்பிடிப்பு எப்படி இருந்தது?

அவர் வாக்கிலேயே சொன்னால் நரகம். கேமராவில் எந்த லென்ஸ் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது, குழுவில் இருந்தவர்கள் அதை மறைக்காமல் ஏளனம் செய்தார்கள். 'சில்ட்ரன்' 1976-இல் வெளிவந்தது. முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும் கருப்பு வெள்ளைப் படம். தடுமாற்றம் தெரியும், சில காட்சிகள் தேவைக்குமேல் நீளும். ஆனால் ஒரு காட்சி இருக்கிறது: பையனும் அம்மாவும் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், கேமரா நகராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது, அம்மா மெல்ல அழ ஆரம்பிக்கிறாள். காரணத்தை யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு ஷாட் போதும், பொறுத்திருந்து பார்க்கத் தெரிந்தவர் இவர் என்று தெரிந்துவிடும்.

பிறகு சினிமா படித்தாரா?

படித்தார், முதல் படம் எடுத்த *பிறகு*. பீக்கன்ஸ்ஃபீல்டில் உள்ள நேஷனல் ஃபிலிம் ஸ்கூலில் சேர்ந்து, அங்கே பட்டப் படமாக 1980-இல் 'மடோனா அண்ட் சைல்ட்' எடுத்தார். அதே டக்கர் இப்போது நடுவயதுக் குமாஸ்தா. மெர்ஸி ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகிறான், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான், பாவமன்னிப்புக் கூண்டில் உண்மையைச் சொல்ல முடியாமல் திணறுகிறான். மூன்றாவதாக 1983-இல் 'டெத் அண்ட் டிரான்ஸ்ஃபிகரேஷன்'. அதில் டக்கர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகக் கிடக்கும் கிழவன். பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் ஊரே அறிந்த வில்ஃப்ரிட் பிராம்பெல்தான் அந்தக் கிழவர், ஏறக்குறைய வசனமே இல்லாமல் மூச்சை மட்டும் வைத்து நடித்திருப்பார்.

மூன்றையும் சேர்த்து 'டெரன்ஸ் டேவிஸ் ட்ரிலஜி' என்று காட்டுவார்கள். ஒரு மனிதனின் சிறுவயது, நடுவயது, மரணம். எடுக்க ஆரம்பித்தபோது முப்பதைக்கூட முழுதாகத் தொடாத ஒருவர் தன் சாவுவரை கற்பனை செய்து பார்த்துவிட்டார். இருட்டான படங்கள், ஒரே மூச்சில் பார்ப்பது சிரமம். மூன்றையும் வரிசையாகப் பார்த்தால், கேமரா பிடிக்கத் தெரியாதவர் ஏழு வருஷத்தில் எங்கே வந்து நிற்கிறார் என்பது கண்ணெதிரே தெரியும்.

'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' ஏன் இரண்டு பாதியாக இருக்கிறது?

அது இரண்டு படம், அதனால்தான். முதலில் 'டிஸ்டன்ட் வாய்சஸ்' மட்டும் எடுத்தார்கள், முழுநீளப் படமாகத் திரையிட அது போதவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து அதே நடிகர்களைத் திரும்பக் கூட்டி 'ஸ்டில் லைவ்ஸ்' எடுத்தார்கள். முதல் பாதி அப்பாவின் நிழல், இரண்டாம் பாதி அவர் போன பிறகு பிள்ளைகளின் கல்யாணங்கள், குழந்தைகள், பப்பில் கழியும் மாலைகள். நடிகர்களின் முகத்தில் அந்த இடைவெளி கொஞ்சம் தெரியும். அது படத்துக்கு நல்லதாகவே போனது.

அப்பாவாக பீட் போஸ்ட்லெத்வெய்ட். திரையில் அவர் இருப்பது கொஞ்ச நேரம்தான், ஆனால் இல்லாத காட்சியிலும் இருப்பார். ஒரு கிறிஸ்துமஸ் இரவில் தூங்கும் பிள்ளைகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் பரிசுகளை வைத்துவிட்டு, தழுதழுத்த குரலில் அவர்களை வாழ்த்திவிட்டுப் போகிறார். அடுத்து, பிள்ளைகள் பண்டிகைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது மேசைவிரிப்பை இழுத்து எல்லாவற்றையும் தரையில் கொட்டுகிறார். நடுவில் விளக்கம் எதுவும் கிடையாது. எந்த மனோதத்துவக் காரணமும் சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாரே, அதில்தான் டேவிஸின் நேர்மை இருக்கிறது.

1988-இல் கான் திரைப்பட விழாவில் சர்வதேச விமர்சகர்கள் பரிசும், லொகார்னோ திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிறுத்தையும் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 42.

படத்தின் நிறம் ஏன் பழைய போட்டோ மாதிரி மங்கலாக இருக்கிறது?

வேண்டுமென்றே செய்தது. ஃபிலிமைக் கழுவும்போது அதிலுள்ள வெள்ளியை அகற்றும் கட்டம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிவிட்டால் வண்ணம் வற்றி, கருமை கூடும். ப்ளீச் பைபாஸ் என்று ஃபிலிம் லேபில் சொல்வார்கள். அதோடு உடையிலும் சுவரிலும் பளிச்சென்ற நிறங்களைத் தவிர்த்தார். குடும்பமே கல்யாண உடையில் வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கும் காட்சிகளில் பழுப்பேறிய ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

எல்லாரும் ஏன் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அந்த வீட்டுப் பெண்களால் தாங்கள் படும் துன்பத்தைப் பேசிச் சொல்ல முடியாது. சொன்னால் அடி விழும், இல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். ஆனால் ஒரு பழைய அமெரிக்கக் காதல் பாட்டைக் கூட்டத்தில் உரக்கப் பாடலாம், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். பாட்டின் வரிகள் எதைப் பற்றியோ இருக்கும், பாடுகிறவளின் முகம் வேறு எதையோ சொல்லும். பெரும்பாலும் பின்னணி வாத்தியம் கிடையாது, நிஜமாகவே பப்பில் உட்கார்ந்து பாடுவதுபோல் வெறும் குரல்.

பாட்டு ஆறுதலாக மட்டும் வருவதில்லை, கத்தியாகவும் வரும். அம்மா மாடிச் சன்னல் விளிம்பில் வெளிப்பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறாள், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரலில் காதலில் துணிந்து இறங்கும் ஒருத்தியின் பாட்டு ஒலிக்கிறது. அதே பாட்டு தொடர, அடுத்த காட்சியில் அம்மாவைப் போட்டு அடிக்கிறார் அப்பா. பாட்டு நிற்பதில்லை. ஏன் இவரைக் கட்டிக்கொண்டாய் என்று மகள் கேட்ட கேள்விக்கு, நன்றாக நடனமாடுவார் என்று அம்மா சொன்ன பதில் அதன்மேல் வந்து உட்காரும்போது மனசு கனத்துப் போகிறது.

கதை இல்லாமல் திரைக்கதை எப்படி எழுதுவார்?

கதை இல்லை என்றால் எழுத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய திரைக்கதைகள் மிகத் துல்லியமானவை. கேமரா எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த இடத்தில் ஒரு பிம்பம் இன்னொன்றில் கரைகிறது, பாட்டின் எந்த வரியில் ஷாட் மாறுகிறது, வானொலியில் என்ன கேட்கிறது என்று எல்லாமே தாளில் இருக்கும். எடிட்டிங் மேசையில் கண்டுபிடித்தது போலத் தெரியும் பல விஷயங்கள் படப்பிடிப்புக்கு முன்பே எழுதப்பட்டவை. ட்ரிலஜி தொடங்கி அதுவரை எழுதிய திரைக்கதைகள் 1992-இல் புத்தகமாகவும் வந்தன, திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் தேடிப் படிக்க வேண்டியது.

'டிஸ்டன்ட் வாய்சஸ்' தொடக்கத்தைப் பாருங்கள். வெளியே மழை. வானொலியில் கடலோடிகளுக்கான வானிலை அறிவிப்பு. அம்மா மாடிப்படியடியில் நின்று பிள்ளைகளை எழுப்புகிறாள். இறங்கி வரும் காலடிச் சத்தமும் பேச்சும் கேட்கின்றன, ஆனால் படிக்கட்டு காலியாகவே இருக்கிறது. யாரும் இல்லை, குரல்கள் மட்டும். பட்ஜெட் எவ்வளவு இருந்தாலும் இதைவிடத் தெளிவாக நினைவு என்பதைக் காட்ட முடியாது. எழுத்தில் யோசித்தவருக்கு மட்டுமே இது தோன்றும்.

'தி லாங் டே க்ளோசஸ்' எதைப் பற்றி?

அந்த நாலு வருஷச் சொர்க்கத்தைப் பற்றி, அது கைநழுவும் தருணத்தைப் பற்றி. 1992-இல் கான் போட்டிப் பிரிவில் கலந்துகொண்ட படம். பட் என்ற பதினொரு வயதுப் பையன், அம்மா, அண்ணன்கள், அக்கா, ஒரு தெரு, அவ்வளவுதான். அப்பா கிடையாது. முந்தைய படம் கேட்ட நினைவு என்றால் இது பார்த்த நினைவு, அதனால் இதில் பையன் எப்போதும் சன்னலில், படிக்கட்டில், கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். பழைய படங்களின் வசனத் துண்டுகள் அவன் தலைமேல் மிதந்து வருகின்றன.

ஒரு காட்சியில் டெபி ரெனால்ட்ஸ் பாடிய 'டாமி' பாட்டு முழுதாக ஓடுகிறது. கேமரா தலைக்கு மேலிருந்து ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகிறது: கம்பியில் தொங்கி விளையாடும் பையன், அப்புறம் சினிமாக் கொட்டகை, அப்புறம் தேவாலயம், அப்புறம் வகுப்பறை. மூன்று கூட்டமும் ஒரே மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பையனை வளர்த்த மூன்று கூரைகளும் ஒரு பாட்டுக்குள் முடிந்துவிட்டன.

அதற்குப் பிறகு ஏன் இவ்வளவு குறைவாகப் படம் எடுத்தார்?

சொந்த வாழ்க்கை தீர்ந்துவிட்டது என்று அவரே நினைத்தார். அடுத்து அமெரிக்க நாவல்களுக்குப் போனார். 1995-இல் வந்த 'தி நியான் பைபிள்' சரியாக அமையவில்லை, தவறு முழுக்கத் தன்னுடையது என்று அவரே ஒத்துக்கொண்டார். 2000-இல் ஈடித் வார்ட்டன் நாவலிலிருந்து 'தி ஹவுஸ் ஆஃப் மிர்த்'. கில்லியன் ஆண்டர்சனின் போட்டோவைப் பார்த்து, ஓவியர் சார்ஜென்ட் வரைந்த பெண் முகம்போல் இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்தார், அவர் நடித்துப் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரை இவர் பார்த்ததே இல்லை. நல்ல படம்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் ஒன்றுமில்லை. 'சன்செட் சாங்' என்ற ஸ்காட்டிஷ் நாவலைப் படமாக்க அலைந்தார், பணம் கொடுக்க ஆளில்லை. ஐரோப்பா கொண்டாடிய ஒரு இயக்குநர் தன் ஐம்பது வயதுகளில் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆண்டுக்கணக்கில் அவர் இழந்ததை எந்த விருதும் ஈடுகட்டவில்லை.

திருப்பிக் கொண்டுவந்தது அவருடைய ஊர்தான். 2008-இல் லிவர்பூல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்தபோது, உள்ளூரில் மிகக் குறைந்த செலவில் மூன்று படங்களுக்குப் பணம் ஒதுக்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் 2,50,000 பவுண்ட். பழைய ஆவணக் காட்சிகளைக் கோத்து, தன் குரலிலேயே பேசி, 'ஆஃப் டைம் அண்ட் தி சிட்டி' எடுத்தார். கானில் திரையிட்டார்கள், கதவுகள் மறுபடி திறந்தன. 2011-இல் ரேச்சல் வைஸ் நடித்த 'தி டீப் ப்ளூ சீ', 2015-இல் அந்த 'சன்செட் சாங்', 2016-இல் எமிலி டிக்கின்சனைப் பற்றிய 'எ கொயட் பேஷன்', 2021-இல் போர்க் கவிஞர் சீக்ஃப்ரிட் சசூனைப் பற்றிய 'பெனடிக்‌ஷன்'. கடைசிப் படத்துக்கு சான் செபாஸ்டியன் விழாவில் சிறந்த திரைக்கதை விருது.

கென் லோச், மைக் லீ மாதிரியா இவரும்?

தொழிலாளர் குடும்பங்களைப் படம் எடுத்தவர்கள் என்ற அளவில் சேர்க்கலாம், அதோடு சரி. லோச் சமூகத்தைக் கேள்வி கேட்பவர், மைக் லீ நடிகர்களோடு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து அதிலிருந்து வசனம் எடுப்பவர். டேவிஸ் தாளில் எழுதியதை இசைக் குறிப்பு மாதிரிப் பின்பற்றுபவர். அவருக்கு நெருங்கியவர்கள் பழைய ஐரோப்பிய இயக்குநர் மாக்ஸ் ஓஃபல்ஸும் ஹாலிவுட் இசைப்பட இயக்குநர்களும்தான்.

எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

'தி லாங் டே க்ளோசஸ்' பாருங்கள். 85 நிமிஷம்தான். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், மொபைலைத் தள்ளி வையுங்கள், ஏனென்றால் பாதிப் படம் காதில்தான் நடக்கிறது. பிடித்தால் அடுத்து 'டிஸ்டன்ட் வாய்சஸ்', அதன் பிறகு 'தி டீப் ப்ளூ சீ'. ட்ரிலஜியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், மனசு கொஞ்சம் தெம்பாக இருக்கும் ஒரு நாளில்.

'தி லாங் டே க்ளோசஸ்' படத்தின் நடுவில் ஒரு இடத்தில் கேமரா தரையில் விரித்த ஒரு பழைய கம்பளத்தை மட்டும் காட்டும். சன்னல் வழியே விழும் வெளிச்சம் அதன்மேல் மெல்லக் கூடும், மேகம் வந்து மங்கும், மறுபடி கூடும். ஒரு நிமிஷத்துக்கும் மேல் வேறு ஒன்றும் நடக்காது. அந்த இடத்தில் ஓட்டிவிடாதீர்கள். மதியத்தில் செய்ய ஒன்றுமில்லாத ஒரு பையன் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.